ஒயிலாட்டக்காரர்களை அக்ரிலிக்கில் வரைய

முதலில் பின்னணியை முடித்துவிடுங்கள், ஆட்களை அப்புறம் பார்க்கலாம். அகலமான பிரஷ்ஷில் நீலத்தையும் பச்சையையும் தண்ணீர் விட்டு இழுத்து, ஈரம் இருக்கும்போதே ஒன்றோடொன்று கலக்க விடுங்கள். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் தயங்கக் கூடாது.

காய்ந்ததும் சாக்பீஸால் ஒவ்வொருவருக்கும் தலையிலிருந்து ஊன்றிய கால்வரை ஒரே வளைகோடு. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் தோளை எதிர்ப்பக்கம் சாயுங்கள், இது சரியாக அமைந்தால் முகம், விரல் எதுவும் வரையாமலேயே ஆள் ஆடுவார். கையில் பிடிக்கும் துணியை மட்டும் ஒரே வீச்சில் போடுங்கள், திருத்தவே வேண்டாம்!

நிறம் குறைவாக இருந்தால் நல்லது. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1910இல் வரைந்த ‘நடனம்’ ஓவியத்தைப் பாருங்கள், நீலம், பச்சை, அதன்மேல் சிவந்த உடல்கள் ஐந்து, அவ்வளவுதான். கடைசியாக, உடலின் ஓரங்களை அங்கங்கே பின்னணி நிறத்தாலேயே லேசாகக் கலைத்துவிடுங்கள்.