தரவை யார் எடுத்துத் தந்தது? அரசாங்கத் தகவல் தொழில்நுட்பக் கணக்காய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நாங்கள் வேலையில் சேர்ந்த காலத்தில் எக்செல்லில் கூட்டல் போடத் தெரிந்தாலே கணினி தெரிந்தவர் என்று பெயர். இவர்கள் தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் எழுதத் தெரிந்துகொண்டே வருகிறார்கள், பைதன் நிரல்மொழி தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பத்தரமுல்லையில் உள்ள தேசிய கணக்காய்வு அலுவலகத்திலிருந்து புறப்பட்டுக் கொழும்பில் ஏதாவது ஒரு திணைக்களத்தின் படியேறியதும், எங்கள் தொகுதியினர் செய்த அதே பிழைகளை அதே வரிசையில் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டாதே, மடிகணினியைப் பூட்டாமல் எழும்பிப் போகாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவர்கள் அனுப்பிய கோப்பை அப்படியே நம்புவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற விடயம் இது.

ஒரு திணைக்களம், பெயர் வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாதாமாதம் கொடுப்பனவு செய்கிற இடம். எங்கள் குழுவில் இருந்த இரண்டு புதிய உத்தியோகத்தர்கள், அந்த ஆண்டின் கொடுப்பனவுத் தரவு வேண்டும் என்று அங்குள்ள கணினிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். இரண்டு நாளில் எக்செல் கோப்பு வந்தது. அவர்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். ஒரே அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் போயிருந்தது. பெரிய தொகை. விளக்கம் கேட்கும் ஐயவினா எழுதித் திணைக்களத்துக்கு அனுப்பியாயிற்று.

முடிவுக் கூட்டத்தில் பிரதம கணக்காளர் அமைதியாகச் சொன்னார்: "மிஸ், நீங்கள் பார்த்ததில் இரத்துச் செய்த வவுச்சர்களும் இருக்கின்றன. திருப்பிய பணம் வேறு அட்டவணையில் இருக்கிறது." அத்தோடு ஒரு மாவட்டக் கிளையின் தரவு தனி சேர்வரில் இருந்ததால் அந்தக் கோப்பில் வரவே இல்லை என்பதும் தெரியவந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. எந்த நிபந்தனையோடு அந்தத் தரவு எடுக்கப்பட்டது என்று கோவையில் ஒரு வரி இல்லை. அவதானிப்பு முழுவதையும் மீளப்பெற வேண்டியதாயிற்று.

ஆத்திரம் அதனால் மட்டும் அல்ல. இரத்தானவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் உண்மையான இரட்டைக் கொடுப்பனவுகள் சில மிஞ்சியிருந்தன. அவற்றை உறுதிப்படுத்த மறுபடி தரவு கேட்டோம். அதற்குள் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பது அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டாவது தடவை வந்த கோப்பில் அந்தப் பதிவுகள் வேறு நிலையில் இருந்தன. யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று பார்க்க அந்த முறைமையில் மாற்றப் பதிவேடு இயக்கப்பட்டிருக்கவில்லை. மக்களின் பணம். மீட்டிருக்கலாம். தொடக்கத்தில் ஒரு மணி நேரம் சரியாகச் செலவழிக்காததால் விட்டுவிட்டோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தரவு கேட்காதீர்கள், அட்டவணைகளின் பட்டியலையும் அவற்றில் உள்ள ஒவ்வொரு புலத்தின் (நிரலின்) விளக்கத்தையும் கேளுங்கள். அதைப் படித்த பிறகுதான் எழுத்தில் கோரிக்கை போக வேண்டும். எந்த அட்டவணைகள், எந்தப் புலங்கள், இரத்தானவையும் திருப்பியவையும் சேர்த்தா என்று எழுதுங்கள். காலப்பகுதி எந்தத் திகதியின்படி என்பதையும் எழுதுங்கள்: வவுச்சர் திகதியா, அங்கீகரித்த திகதியா, வங்கிக்குப் போன திகதியா? டிசம்பர் கடைசி வாரத்தில் இந்த மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.

தரவு எடுக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். தரவை எடுக்கும் எஸ்கியூஎல் கட்டளையை, அதாவது வினவலை, அவர்களே ஓட்டட்டும், நீங்கள் விசைப்பலகையைத் தொட வேண்டாம். ஆனால் வினவலின் எழுத்தை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். 'வேர்' (WHERE) என்று தொடங்கும் நிபந்தனை வரியில்தான் எல்லாம் இருக்கிறது. யாரும் களவு செய்ய நினைத்திருக்கத் தேவையில்லை. தினமும் அறிக்கை எடுக்கப் பாவிக்கிற பழைய வினவலை அந்தத் தம்பி அப்படியே ஓட்டியிருப்பார், அதில் ஒரு கிளை விடுபட்டிருக்கும்.

கதிரையை விட்டு எழும்பும் முன் பதிவுகளின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, எடுத்த நேரம் மூன்றையும் குறித்து, இருவரும் கையெழுத்திடுங்கள். கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு அதையும் எழுதுங்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். நாளைக்கு விடயம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கோ நீதிமன்றத்துக்கோ போனால், இது அன்று வாங்கிய அதே கோப்புத்தான் என்று காட்ட வேறு வழி இல்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் பகுப்பாய்வைத் தொடங்காதீர்கள். கோப்பின் மொத்தத்தை மாதாந்தக் கணக்குச் சுருக்கத்தோடும் வங்கிக் கூற்றோடும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளும்வரை ஒரு அடி நகரக்கூடாது. வவுச்சர் இலக்கங்களை வரிசைப்படுத்தி இடைவெளி இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் ஒரு காரியம், புதியவர்களில் அநேகமாக யாருமே செய்யாதது. எல்லோரும் கோப்பில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதற்குரிய காகித வவுச்சரைத் தேடிப் போகிறார்கள். அது, கோப்பில் இருப்பது உண்மையா என்று மட்டும் சொல்லும். விடுபட்டதைச் சொல்லாது. எதிர்த்திசையிலும் போக வேண்டும்: அலுமாரியிலிருந்து ஒரு கட்டு வவுச்சரை நீங்களே தெரிவுசெய்து எடுத்து, அவை கோப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த மாவட்டக் கிளையின் வவுச்சர் ஒன்றை யாராவது கையில் எடுத்திருந்தால், முதல் நாளிலேயே விடயம் வெளியே வந்திருக்கும்.

"முறைமை மெதுவாகிவிடும்" என்று சொல்லி உங்களை வினவலுக்குப் பக்கத்தில் விடாத இடங்களும் இருக்கும். அந்தக் கவலை பல நேரம் நியாயமானதே. அப்படியானால் அண்மைய காப்புப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதிலிருந்து தரவு தரச் சொல்லுங்கள். தரவும் கிடைக்கும், காப்புப் பிரதி வேலை செய்கிறதா என்பதும் தெரியும். தரவே தர மாட்டோம் என்றால் வாக்குவாதப்பட வேண்டாம். அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையும் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டமும் நமக்குத் தந்திருக்கிற உரிமை போதும். கடிதம் எழுதி, மேலே அனுப்புங்கள்.

எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறப்பது

12 இலக்க அடையாள அட்டை எண் எக்செல்லில் அறிவியல் குறியீடாகச் சுருங்கும். பூச்சியத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு இலக்கத்தின் பூச்சியம் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணின் மீதி இலக்கங்கள் பூச்சியமாக மாறும், சேமித்துவிட்டால் திரும்பி வராது. புலத்தை எழுத்து வகை என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்யுங்கள்.

வரிகளுக்கும் எல்லை உண்டு. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிகளோடு நின்றுவிடும். 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொவிட் தொற்றாளர்களின் விபரம் நேரத்துக்குப் போய்ச் சேராததற்கு இந்த எல்லைதான் காரணம். நம் திணைக்களங்களில் இன்னும் அந்த வடிவத்தில் ஏற்றுமதி செய்கிற முறைமைகள் இருக்கின்றன. கோப்பில் சரியாக 65,536 வரி இருந்தால் அதோடு வேலையை நிறுத்துங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தை அப்படியே ஒப்பிடுவது

பழைய இலக்கம் 9 எண்ணும் ஒரு எழுத்தும். 2016 முதல் 12 எண். ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழையதோடும் இன்னொன்றில் புதியதோடும் இருப்பார். நேரடியாக ஒப்பிட்டால் இரண்டு ஆள். பழையதைப் புதியதாக மாற்றுவது எளிது: முன்னால் 19 சேர்த்து, ஆண்டும் நாளும் சேர்ந்த ஐந்து எண்களுக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் இரட்டைப் பதிவு இல்லை என்று எழுதிய அறிக்கைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிறந்த திகதியை இலக்கத்திலிருந்து எடுக்கும்போது இன்னொரு பொறி. பிறந்த நாள் அதில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாகவே இருக்கிறது. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே அந்த எண் போடப்படுகிறது. மார்ச் 1 எப்போதும் 61. சாதாரண ஆண்டில் கணினியிடம் 61ஆம் நாள் எது என்று கேட்டால் மார்ச் 2 என்று சொல்லும். இது தெரியாமல், நூற்றுக்கணக்கான ஊழியர்களின் பிறந்த திகதி ஒரு நாள் பிழை, ஓய்வு பெறும் திகதி பொய் என்று ஐயவினா தயாரித்து வந்தார் ஒரு தம்பி. நல்லவேளை, அனுப்பும் முன் கண்ணில் பட்டது.

அதிகாலை 3.30க்கு அங்கீகாரம்

பதிவில் இப்படி ஒரு நேரத்தைக் கண்டதும் மோசடி என்று எழுதிவிடாதீர்கள். முறைமை கிரீன்விச் நேரத்தில் பதிகிறதா என்று முதலில் பாருங்கள். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். காலை 9 மணிக்குக் கணக்காளர் அழுத்திய பொத்தான் அங்கே 3.30 என்று நிற்கும்.

பெயரை வைத்துப் பொருத்துவது

வேண்டாம். சிவகுமாரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று தமிழர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. முதலெழுத்துகள் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில். வடக்கு, கிழக்கிலிருந்து வரும் பழைய தரவு, யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால், யுனிகோடில் தேடி எதுவும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக ஆள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

சேர்வர் அறையோடு நின்றுவிடுவது

தீயணைப்புக் கருவியின் காலாவதித் திகதி, குளிரூட்டி, கதவுப் பூட்டு. இவற்றுக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, யாருக்கு எந்த அனுமதி இருக்கிறது என்பதற்கு இரண்டு வரி எழுதுகிறார்கள். பணம் போவது அனுமதிகள் வழியாக. வருடாந்த இடமாற்றக் கடிதங்களை வாங்கி, முறைமையின் பயனர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஜனவரியில் மாறிப்போனவரின் கணக்கு ஜூலையிலும் உயிரோடு இருக்கும். விடுமுறைப் பதிவையும் விரல் அடையாள இயந்திரத்தின் பதிவையும் அங்கீகாரப் பதிவோடு பொருத்துங்கள். லீவில் இருந்த கணக்காளரின் பெயரில் அன்று வவுச்சர் அங்கீகரிக்கப்பட்டிருந்தால், பதிவு செய்தவரே அங்கீகரித்தும் இருக்கிறார் என்று அர்த்தமாகலாம்.

கேட்டால், "வேலை நிற்கக்கூடாது என்று கடவுச்சொல்லைத் தந்துவிட்டுப் போனார்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மை. அந்த எழுதுநரைக் குற்றவாளியாக்கி அறிக்கை எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பதில் கடமைக்கு ஒருவரை முறைமையில் நியமிக்கும் வசதி இல்லாதது யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள். "கடவுச்சொல் கொள்கையை வலுப்படுத்த வேண்டும்" என்ற பரிந்துரையால் எந்தத் திணைக்களத்திலும் எதுவும் மாறாது.

காப்புப் பிரதி இருக்கிறதா என்று கேட்பது

இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 2023இல் அரசாங்க நிறுவனங்களின் தரவை வைத்திருக்கும் இலங்கை அரசாங்க கிளவுட் மீது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கப்பமென்பொருள் தாக்குதல் நடந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் போயே போயின. அந்தக் காலப்பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் சேவை ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் பழைய 2013 பதிப்பில்.

பென் டிரைவ்

இல்லை. மக்களின் அடையாள இலக்கமும் வங்கிக் கணக்கும் உங்கள் பையில் 177 பஸ்ஸில் வரக்கூடாது. மறைகுறியாக்கிய அலுவலக மடிகணினி மட்டும்.

கணினிக்காரருக்காக எழுதுவது

திணைக்களத்தின் அறிக்கையைப் பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவான கோபா வாசிக்கும், கூட்டுத்தாபனத்தின் அறிக்கையை அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவான கோப் வாசிக்கும். பாராளுமன்ற உறுப்பினருக்குத் தரவுத்தளத்தில் பயனர்களுக்குத் தரும் அனுமதித் தொகுப்புகளின் பெயர் தேவையில்லை. யார், எந்த விதியை மீறி, எவ்வளவு ரூபாயை, எந்தக் கட்டுப்பாடு இல்லாததால் எடுக்க முடிந்தது என்பதே தேவை. தொழில்நுட்ப விபரத்தை இணைப்பில் வையுங்கள். வினவலின் எழுத்து, பதிவு எண்ணிக்கை, மொத்தம், எஸ்எச்ஏ மதிப்பு, இருவரின் கையெழுத்து ஆகியவை அந்த இணைப்பின் முதல் பக்கத்தில் வர வேண்டும். வரைவை என்னிடம் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.