நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை: உட்கார்ந்து போடுங்கள், நடந்தால் நடையை மெதுவாக நிறுத்துங்கள்

மாடிப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் அந்தப் படியிலேயே உட்காருங்கள். மாத்திரை அதற்குப் பிறகுதான். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் வகை மாத்திரையான சார்பிட்ரேட் 5 மி.கி.யை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடுங்கள். விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், வலி விடவும் நேரமாகும். வாய் உலர்ந்திருந்தால் மாத்திரை கரையாமல் கிடக்கும். முதலில் ஒரு வாய் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்து முக்கியமாகச் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களைத் தளர்த்துகிறது. ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தங்கிவிடுவதால் இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. சுமை இறங்கிய இதயத்துக்கு ஆக்சிஜனும் குறைவாகவே போதும். நின்றபடி போட்டால் ரத்தம் காலிலேயே தேங்கி, பிரஷர் இறங்கி, கண் இருட்டி விழுந்துவிடுவீர்கள். அப்படித் தலை சுற்றினால் படுத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். தலைவலி வருவது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் 5 நிமிடத்தில் நெஞ்சுவலி விடவில்லையென்றால் 108-ஐ அழையுங்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

நடக்கும்போது கதை வேறு. கெண்டைக்கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுவதால் மயக்கம் அவ்வளவாக வராது. வழக்கமாக வலி தொடங்கும் தூரத்தைத் தாண்டியும் பலரால் போக முடியும். மருத்துவர் அனுமதித்திருந்தால், கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம். ஆபத்து நடையை நிறுத்தும் நொடியில்தான். தசை பிழிவது நின்றுவிடும், நாளங்களோ இன்னும் விரிந்தே இருக்கும். ஆகவே கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்து முடியுங்கள். வந்ததும் வெந்நீரில் குளிக்காதீர்கள். சூடும் நாளங்களை விரிக்கும்.

இதயம் பலவீனமாகி, தினமும் ரத்த நாளங்களைத் தளர்த்தும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உட்கார்ந்திருக்கும்போது மூச்சுத்திணறல் சீக்கிரம் குறையலாம். ஆனால் நடக்கும் தூரம் உடனே அதிகரிக்காது. நாளான நோயில் கால் தசைகளும் தளர்ந்திருக்கும், அவை தேற வாரக்கணக்கில் ஆகும். பலனில்லை என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தினமும் விழுங்கும் நைட்ரேட் மாத்திரையான மோனோநைட்ரேட்டைக் காலை 8, மாலை 3 என்று எழுதித் தந்திருந்தால் இரண்டாவதை இரவுக்குத் தள்ளாதீர்கள். நாள் முழுக்க மருந்து இருந்தால் உடல் பழகி, அது வேலை செய்யாமல் போகும். அந்த இரவு இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது.

மேல் அளவு பிரஷர் 90-க்குக் கீழே இருந்தால் சார்பிட்ரேட் வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமோ, டடாலாஃபில் போட்டு 48 மணி நேரமோ ஆகாதிருந்தால் கட்டாயம் கூடாது. பிரஷர் உயிர்போகும் அளவுக்கு விழும். கூச்சப்படாமல் ஆம்புலன்ஸில் வருபவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.