படத்தை ஒட்டி வந்த நாவலா? வாக்குவாதத்தை ஒழுங்காக நடத்த

சினிமா, தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டி வரும் அறிவியல் புனைவு நாவல்களைப் பற்றிய சண்டை ஓயாமல் இழுப்பது ஏன்? மூன்று கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இது கேனானா, அதாவது தொடரின் அதிகாரப்பூர்வக் கதையில் சேர்ந்ததா? புத்தகத்தில் என்னதான் எழுதியிருக்கிறது? அதற்கு என்ன அர்த்தம்? முதல் இரண்டையும் தேடிப் பார்த்தே முடித்துவிடலாம். பேசிப் பார்க்க வேண்டியது மூன்றாவதைத்தான்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ வாயனசாலையில் (நூலகத்தில்) ஒரு மேசை போதும். ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். நாவல் முதலில் வந்த ஆண்டு, படம் வந்த ஆண்டு, நாவல் படக்கதையையே திரும்பச் சொல்கிறதா அல்லது புதுக்கதையா என்பதை ஒருவர் முன்கூட்டியே தாளில் எழுதி வரட்டும். பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். மறுபதிப்பின் ஆண்டை எடுத்தால் வாதமே தலைகீழாகிவிடும்.

ஆலன் டீன் ஃபாஸ்டரின் ஸ்டார் வார்ஸ் நாவல் ‘ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ’ 1978-இல் வந்தது. அதில் நாயகன் லூக்குக்கு இளவரசி லேயா மேல் ஈர்ப்பு. இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று திரையில் தெரிந்ததோ 1983-இல். “எழுத்தாளர் சொதப்பிவிட்டார்” என்பவருக்கு இந்த இரண்டு ஆண்டுகளே பதில்.

கேனான் பேச்சுக்கு ஐந்து நிமிடம் தாராளம். 2014 ஏப்ரலில், படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்களை ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு கேனானிலிருந்து ஒதுக்கியது. ஆனால் 1991 நாவலில் பிறந்த த்ரான் என்ற பாத்திரம், 2016-இல் ‘ரெபல்ஸ்’ என்ற ஸ்டார் வார்ஸ் தொலைக்காட்சித் தொடருக்குள் வந்துவிட்டார். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் (நாயகன் ‘டாக்டர்’ அவ்வப்போது உருமாறி, வேறு நடிகராக வருவார்) இன்னும் வேடிக்கை: 1995-இல் ஏழாவது டாக்டரை வைத்து வந்த ‘ஹியூமன் நேச்சர்’ நாவலை, அதே எழுத்தாளர் 2007-இல் பத்தாவது டாக்டருக்காகத் தொலைக்காட்சிக்கு மாற்றினார். எது ‘நடந்தது’ என்று கேட்டால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

படத்தை நாவலாக்குபவர் பெரும்பாலும் எடிட்டிங் முடியும் முன்பே, திரைக்கதையை வைத்து எழுதுகிறார். வெட்டிய காட்சி புத்தகத்தில் தங்கிவிடுவது அதனால்தான். “நாவலில் இருக்கிறது, ஆகவே படத்திலும் அதுதான்” என்ற வாதத்தை ஏற்காதீர்கள்.

சர்ச்சைக்குரிய பத்தியை, முன்னும் பின்னும் ஒரு பத்தி சேர்த்து உரக்கப் படியுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாய எண்ணைச் சொல்லுங்கள். அந்த வரி யார் மனதில் ஓடுகிறது என்று பாருங்கள். பாத்திரத்தின் சந்தேகத்தை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாதிச் சண்டை இங்கேயே தீரும். படத்தோடு ஒப்பிடும்போது டப்பிங்கை நம்ப வேண்டாம், உதட்டசைவுக்காக வசனம் மாறியிருக்கும். மூலமொழி ஒலியில் அந்தக் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள்.

பிறகு அர்த்தம். ஆளுக்கு மூன்று நிமிடம். தன் கருத்துக்கு எதிராக நிற்கும் ஒரு வரியையும் பேசுபவரே எடுத்துக்காட்ட வேண்டும், கண்டிப்பாக. பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் பேசட்டும். வயதில் மூத்தவர் கடைசியில். அவர் தொடங்கிவைத்தால் சின்னப் பசங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.