மேலே பார்த்துக் கீழே கோட்டை விடாதீர்கள்: சியர்லீடிங் ஸ்டண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் வளர்ந்தவர்களுக்கு கோல் சுழற்றியபடி பெண்கள் நடக்கும் டிரம் மேஜரட் அணிவகுப்பு புதிதல்ல. 2009-இல் ஐபிஎல் போட்டிகள் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது, கிங்ஸ்மீட் மைதானத்தின் எல்லைக்கோட்டோரம் ஆடிய சியர்லீடர்களையும் நம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள். இன்று டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் பிள்ளைகள் ஆசைப்படுவது அந்த நடனத்துக்கு அல்ல. ஒரு பெண்ணை மூவர் தூக்கி நிறுத்தி, மேலே வீசி, கையில் ஏந்தும் ஸ்டண்டுக்குத்தான் மனம் ஏங்குகிறது. ஆசை நல்லதுதான். 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் பெற்ற விளையாட்டு இது. ஆனால் கைபேசியில் பார்த்ததை மறுநாளே பள்ளி மைதானத்தில் செய்து பார்க்கும் விளையாட்டு அல்ல.

ஸ்டண்ட் குழுவில் மேலே நிற்பவர் ஃப்ளையர். இருபுறமும் அவருடைய பாதங்களைத் தாங்குபவர்கள் பேஸ். பின்னால் நின்று கணுக்காலைப் பிடிப்பவர் பேக் ஸ்பாட். பார்வையாளர்கள் ஃப்ளையரைப் பார்க்கட்டும். பயிற்றுநரும் அணித்தலைவியும் பெற்றோரும் பார்க்க வேண்டியது கீழே நிற்கும் மூவரை. ஃப்ளையர் தள்ளாடினால் “பயந்துவிட்டாள்” என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் அவள் தள்ளாடுவதற்கு அரை நொடி முன்பே கீழே ஒருவருடைய கால் நகர்ந்திருக்கும்.

பேஸ் செய்யும் தவறுகளில் முதலாவது, முதுகை வளைத்துத் தூக்குவது. பாரத்தைத் தூக்க வேண்டியவை தொடைகள். கால்களைத் தோளகலம் விரித்து, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடித்து இறங்கி, கால்களின் விசையால் எழ வேண்டும்; அந்த விசை முடியும் இடத்தில்தான் கைகள் வேலையைத் தொடங்குகின்றன. வெறும் கைபலத்தால் தூக்குபவர் நான்கைந்து முறைக்குள் சோர்ந்துவிடுவார். சோர்ந்த கை, பாதத்தை ஒருபக்கம் தாழ்த்தும்.

இரண்டாவது, இரு பேஸ்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. தயங்கித் தயங்கி விலகி நிற்பார்கள். அப்படி நின்றால் ஃப்ளையரின் கால்கள் அகன்று, அவருடைய எடை நடுவில் விழாமல் வெளிப்பக்கம் இழுக்கும். எதிரெதிரே நெருங்கி நின்று, பாதத்தை மார்புக்கு முன்னால், முழங்கைகளை உடலோடு ஒட்டி ஏந்த வேண்டும். ஒரு கை குதிகாலின் அடியில், மறு கை பாதத்தின் முன்பகுதியில். குதிகாலை விட்டுவிட்டு விரல்பக்கத்தை மட்டும் இறுகப் பிடிப்பவர்கள் ஏராளம். அப்போது ஃப்ளையரின் குதிகால் சரிய, உடல் பின்னால் சாயும். பேஸின் கண்கள் இருக்க வேண்டிய இடம் ஃப்ளையர். ஓரத்தில் நிற்கும் தோழியோ, படம் எடுக்கும் தம்பியோ அல்ல.

பேக் ஸ்பாட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: குழுவிலேயே நிதானமும் உயரமும் கூடியவரை அங்கே நிறுத்துங்கள். பல அணிகள் நேர்மாறாகச் செய்கின்றன. வேறு எதற்கும் தேறாதவர் என்று நினைப்பவரைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். கணுக்காலைப் பிடிப்பது அவருடைய வேலையில் பாதிதான். ஃப்ளையர் எந்தப் பக்கம் சரிந்தாலும் தலையும் கழுத்தும் தரையைத் தொடாமல் காக்கும் பொறுப்பு அவருடையது. இப்படி விழாமல் காப்பவரை ஸ்பாட்டர் என்பார்கள்; கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ஸ்பாட்டர் இருந்தும் இல்லாதவர். தைப்பூசத்தில் காவடி எடுப்பவரின் பின்னால் கை நீட்டியபடி, கண் எடுக்காமல் வரும் உறவினர்களைப் போல நிற்க வேண்டும் அவர். புதிய ஸ்டண்ட் பழகும் நாளில் முன்னால் இன்னொரு ஸ்பாட்டரும் அவசியம்.

ஃப்ளையரின் தவறுகள் குறைவு, ஆனால் விடாப்பிடியானவை. கீழே குனிந்து பார்ப்பார். தலை போன பக்கம் உடலும் போகும். முழங்காலைத் தளர்த்துவார், இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காரப் பார்ப்பார். வயிற்றையும் தொடையையும் இறுக்கி, கால்களை நேராக்கித் தன் எடையைத் தானே சுமந்தால், கீழே இருப்பவர்களுக்குப் பாதிப் பாரம் குறைந்ததுபோல இருக்கும். பார்வை எதிரே, கண்மட்டத்துக்குச் சற்று மேலே. சரியும்போது குதித்துத் தப்பிக்க முயல்வது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. உடலை இறுக்கியபடி, தாங்குபவர்களின் நடுவிலேயே இறங்க வேண்டும். அவர்களும் விலகி ஓடாமல் அவரோடு சேர்ந்து இறங்க வேண்டும். இந்தத் தோல்வி இறக்கத்தைத் தனியாகவே பழக வேண்டும். பெரும்பாலான அணிகள் ஏறுவதை மட்டுமே பழகுகின்றன.

படி தாண்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொடைமேல் நிற்பதுதான் தொடக்கம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் அதிலேயே பாடம் முழுவதும் இருக்கிறது. பேஸ் ஒரு காலை மடித்து நிற்கும்போது முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னே போகக் கூடாது. ஃப்ளையர் மிதிக்க வேண்டியது இடுப்பை ஒட்டிய தொடைப்பகுதியில். முழங்காலுக்கு அருகே மிதித்தால் பேஸின் மூட்டு தாங்காது. ஏறியவரும் நிலைகொள்ள மாட்டார். இதை இருபுறமும் ஆட்டமில்லாமல், சொன்ன நேரம் நிற்கவும், சொன்ன நேரம் இறங்கவும் முடிந்த பிறகே மார்பு உயரம். அது உறுதியான பிறகே கை நீட்டிய உயரம். அதற்கும் அப்பால்தான் வீசிப் பிடிப்பது. போட்டி விதிகளே நிலைவாரியாக வகுக்கப்பட்டிருப்பது இதனால்தான். “அடுத்த மாதம் நிகழ்ச்சி இருக்கிறது” என்பது ஒரு படியைத் தாண்டக் காரணமாகாது. நிகழ்ச்சியில் தொடைமேல் நின்று காட்டட்டும்.

ஃப்ளையரை ஏந்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பேஸ்கள் கைகளை உயர்த்தி, உயரத்திலேயே அவரைச் சந்தித்து, முழங்காலை மடித்தபடி வேகத்தைத் தணிக்க வேண்டும். இடுப்பருகே கையை வைத்துக் காத்திருந்தால், வந்து விழும் வேகம் முழுவதும் முதுகில் இறங்கும். பேக் ஸ்பாட் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தலையையும் தோளையும் ஏந்த வேண்டும்.

எண்ணுவது ஒரே குரலாக இருக்க வேண்டும், பெரும்பாலும் பேக் ஸ்பாட்டின் குரல். ஆங்கிலமும் சூலுவும் தமிழும் கலந்து பேசும் அணியில் “இறங்கு” என்பதற்கு ஒரே ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்தச் சொல்லை யார் சொன்னாலும் ஸ்டண்ட் அங்கேயே இறங்க வேண்டும். ஏன் என்ற கேள்வி தரைக்கு வந்த பிறகு.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. பயிற்சிக்கு முன் காலில் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவக் கூடாது. பேக் ஸ்பாட்டின் பிடி வழுக்கிவிடும். வளையல், கொலுசு, மோதிரம், தொங்கும் காதணி, மூக்குத்தி எல்லாம் வீட்டில் இருக்கட்டும். காவடிக்காகக் காப்புக் கட்டியிருக்கும் பிள்ளையை அது அவிழும்வரை தூக்கும் வேலையிலிருந்து விலக்கி வையுங்கள். விரத நாட்களில் உணவு குறைந்த உடலோடு மேலே ஏற்றவும் வேண்டாம். நகம் குட்டையாக, கூந்தல் இறுகக் கட்டியதாக, காலணி நாடாக்கள் முடிந்து செருகியதாக இருக்க வேண்டும். சூயிங்கம் கூடவே கூடாது.

அடுத்தது தரை. டர்பன் கோடையில் பிற்பகல் மழைக்குப் பிறகு புல் காய்ந்ததுபோலத் தெரியும், அடியில் ஈரம் இருக்கும். கால் பதித்துத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சிமெண்டிலும் ஓட்டுத் தரையிலும் விரிப்பில்லாமல் ஸ்டண்ட் வேண்டாம். தீபாவளி நிகழ்ச்சிக்கும், நம் முன்னோர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்திறங்கத் தொடங்கிய 1860-ஐ நினைவுகூரும் நவம்பர் நிகழ்ச்சிக்கும் கோயில் மண்டபத்துக்கு அணியை அழைப்பார்கள். போனதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். கூரை விசிறி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது, மேடையின் விளிம்பு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்த்த பிறகு “சரி” சொல்லலாம். சந்தேகமாக இருந்தால் நடனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழைத்தவர்கள் வருந்தமாட்டார்கள், வருந்தினாலும் பரவாயில்லை.

2006 மார்ச்சில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கூடைப்பந்து ஆட்டத்தின் இடையே ஒரு கல்லூரி மாணவி பிரமிடின் உச்சியிலிருந்து சுமார் 15 அடி கீழே விழுந்தார். கழுத்தெலும்பில் விரிசல் ஏற்பட்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டு செல்லப்படும்போதும் இசைக்கேற்ப அவர் கைகளை அசைத்ததை உலகமே பாராட்டியது. அந்த மன உறுதியை நானும் மதிக்கிறேன். ஆனால் நம் பிள்ளைகள் அதைப் பின்பற்றக் கூடாது. கழுத்தில் அடிபட்டவர் அசையவே கூடாது. தூக்கி உட்கார வைப்பதும், தண்ணீர் கொடுப்பதும், காரில் ஏற்றிப் பறப்பதும் நம் பதற்றத்துக்குச் செய்யும் வேலைகள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எண்ணான 10177-ஐ அழையுங்கள். கைபேசியிலிருந்து 112-ஐயும் அழைக்கலாம். பயிற்சி நடக்கும் இடத்தின் முகவரியை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டிவையுங்கள்.

தலையில் அடி என்ற சந்தேகம் வந்தாலே அன்றைய பயிற்சி அவருக்கு முடிந்தது. இந்த நாட்டு ரக்பியில் நடுவர் நீல அட்டையைக் காட்டினால், தலையடி பட்ட வீரர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. நம் பையன்களுக்கு அந்த விதியை ஏற்றுக்கொள்ளும் வீடுகள், சியர்லீடிங் ஆடும் பெண்ணிடம் மட்டும் “கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா” என்று சொல்வது நியாயமில்லை. தலைவலி, குமட்டல், மறதி, வெளிச்சம் கூசுதல் ஆகியவை மறுநாள்கூடத் தலைகாட்டலாம். மருத்துவர் அனுமதித்த பிறகு திரும்பி வருபவர், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் தொடைமேல் நிற்பதிலிருந்து தொடங்கட்டும். அவரோடு அதே மூவரும் முதல் படியிலிருந்தே வரட்டும்; விழுந்தவருக்கு மட்டுமல்ல, பிடி நழுவவிட்டவருக்கும் கை நடுங்கிக்கொண்டிருக்கும்.