ஓப்பனிங் மட்டும் போதாது: ஒரு ஆக்‌ஷன் படத்தின் வசூலையும் டிஸ்க்கையும் அலசுவது எப்படி

எங்கள் கூட்டத்தில் ஹாலிவுட் ஆக்‌ஷன் படப் பேச்சு வந்தால் இரண்டு இடத்தில் சூடு பிடிக்கும். படம் நிஜமாகவே ஓடியதா? வீட்டில் பார்க்க அதன் புளூரே டிஸ்க் வாங்கலாமா? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல வருடமாக இரண்டையும் விடாமல் பின்தொடர்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இவை ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். தியேட்டரில் படம் நின்று ஓடினால் வீட்டு வெளியீடு தள்ளிப்போகும். சரிந்தால் சீக்கிரம் வந்துவிடும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விவாதம் தெளிந்துவிடும். எடுத்துக்காட்டாக 'டாப் கன்: மேவரிக்' படத்தையே பார்ப்போம். 2022 மே 27 அன்று அமெரிக்காவில் வெளியான படம். இதைவிட நல்ல பாடப் படம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அலகைச் சரிபாருங்கள். உலகம் முழுக்க மேவரிக் வசூலித்தது 149 கோடி டாலர். யாராவது அவசரத்தில் "149 கோடிதானா?" என்று கேட்பார்கள். ரூபாயில் அது பதினோராயிரம் கோடியைத் தாண்டும். இன்னொன்று, அமெரிக்கக் கணக்கில் வருவதெல்லாம் கிராஸ். டிக்கெட் ஜன்னலில் வாங்கிய மொத்தப் பணம் அது. நம் ஊரில் கிராஸ், நெட் (வரி போக மிச்சம்), ஷேர் (தியேட்டர் பங்கும் போக விநியோகஸ்தருக்கு வருவது) என்று மூன்று விதமாகப் பேசுகிறோம், இந்திப் படத்துக்கு நெட் சொல்வது வழக்கம். ஒன்றின் கிராஸை இன்னொன்றின் நெட்டோடு வைத்துப் பேசினால் அந்த வாதமே செல்லாது. அமெரிக்காவில் கிராஸில் ஏறக்குறைய பாதி ஸ்டுடியோவுக்குப் போகும், மிச்சம் தியேட்டருக்கு. வெளிநாட்டில் ஸ்டுடியோவின் பங்கு அதைவிடக் குறைவு. ஆகவே 17 கோடி டாலர் பட்ஜெட் படம் 17 கோடி வசூலித்தால் போட்ட காசு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், விளம்பரச் செலவையும் தியேட்டர் பங்கையும் எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் ஓப்பனிங், அதாவது முதல் வார இறுதி வசூல். மூன்று நாள் ஓப்பனிங் என்று எழுதியிருந்தாலும் வியாழன் இரவுக் காட்சிகளின் பணத்தை வெள்ளிக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். மேவரிக்குக்கு அப்படிச் சேர்ந்தது சுமார் 1.9 கோடி டாலர். ஞாயிறு காலையில் வரும் எண் ஸ்டுடியோவின் மதிப்பீடு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இவ்வளவு வரும் என்ற ஊகமும் அதில் கலந்திருக்கும். உண்மையான எண் அடுத்த நாளோ, விடுமுறை என்றால் அதற்கடுத்த நாளோதான் வரும். மேவரிக் வந்தது திங்கட்கிழமையும் சேர்ந்து வரும் மெமோரியல் டே விடுமுறையில். நான்கு நாளுக்கு முதலில் 15.1 கோடி என்றார்கள், பிறகு 15.6 என்றார்கள், கடைசியில் நின்றது 16.05 கோடி. ஞாயிற்றுக்கிழமை எண்ணை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். முதல் வார இறுதி எதைக் காட்டுகிறது? நட்சத்திரத்தின் இழுப்பை, விளம்பரத்தை, ரசிகர்களின் ஆவலை. படம் பிடித்ததா என்பதைக் காட்டுவது இரண்டாவது வார இறுதி. ரசிகர்கள் அதிகம் உள்ள பெரிய படம் இரண்டாம் வாரத்தில் பாதிக்கு மேல் சரிவது சாதாரணம். மேவரிக் மூன்று நாளில் 12.67 கோடியில் தொடங்கி, இரண்டாம் வாரம் 9 கோடி எடுத்தது. சரிவு வெறும் 29 சதவீதம். பத்துக் கோடிக்கு மேல் தொடங்கிய படம் இப்படி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதே மாதத் தொடக்கத்தில் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் த மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ்' 18.7 கோடியில் தொடங்கியது. மேவரிக்கைவிட ஆறு கோடி அதிகம். இரண்டாம் வாரம் 67 சதவீதம் சரிந்தது.

இதை ஒரே எண்ணில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. உள்நாட்டு மொத்தத்தை மூன்று நாள் ஓப்பனிங்கால் வகுங்கள். மேவரிக்கின் அமெரிக்க, கனடா மொத்தம் 71.87 கோடி, வகுத்தால் 5.67. டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்கு 41.1 கோடி, வகுத்தால் 2.2. பெரிய ஓப்பனிங் எடுத்த படத்துக்கு மூன்றைத் தாண்டினாலே நல்ல ஓட்டம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மேவரிக் சீனாவில் வெளியாகவில்லை. உலக வசூலை இன்னொரு படத்தோடு ஒப்பிடும்போது எந்தெந்த நாட்டில் ஓடியது என்று பார்க்காமல் பேசுவது நியாயமில்லை.

பழைய படத்தோடு ஒப்பிட வேண்டுமா? டாலரை விட்டுவிட்டு டிக்கெட்டை எண்ணுங்கள். இதன் முதல் பாகமான 1986 'டாப் கன்' அமெரிக்காவில் அந்த ஆண்டு சுமார் 17.7 கோடி டாலர் வசூலித்தது. அப்போது சராசரி டிக்கெட் விலை 3.7 டாலர் அளவில் இருந்தது, 2022இல் 10.5 அளவில். வகுத்துப் பார்த்தால் பழைய படத்துக்குச் சுமார் 4.8 கோடி டிக்கெட், புதியதற்குச் சுமார் 6.8 கோடி. மேவரிக்கை ஐமேக்ஸ் போன்ற விலை கூடிய திரைகளில் பலர் பார்த்ததால் நிஜ எண் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் நாலு மடங்கு வசூல் என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

சரி, வீட்டு வெளியீட்டுக்கு வருவோம். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 47 நாளில் டிஸ்னி பிளஸுக்கு வந்துவிட்டது. மேவரிக்கின் ஸ்டுடியோவான பாரமவுண்ட் அந்த ஆண்டு தன் படங்கள் பலவற்றை 45 நாளை ஒட்டித் தன் தளத்துக்குக் கொண்டுவந்தது. மேவரிக்குக்கு மட்டும் அவசரப்படவில்லை. காசு கொடுத்து டிஜிட்டலில் வாங்கும் பதிப்பு ஆகஸ்ட் 23, அதாவது 88ஆம் நாள். டிஸ்க் நவம்பர் 1. சந்தாதாரர்களுக்குப் பாரமவுண்ட் பிளஸில் டிசம்பர் 22. டிஜிட்டலில் வந்த பிறகும் தியேட்டரில் இன்னும் மூன்று கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. வீட்டில் கிடைத்தால் தியேட்டர் செத்துவிடும் என்று வாதிடுகிறவர்களிடம் நான் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

முதல் படத்துக்கும் வீட்டு வீடியோ வரலாற்றில் தனி இடம் உண்டு. அந்தக் காலத்தில் புதுப் படக் கேசட் 80 டாலரைச் சுற்றி விற்கும், வாடகைக் கடைகள்தான் வாங்கும். 1987இல் பாரமவுண்ட் 'டாப் கன்' கேசட்டை 26.95 டாலருக்குக் கொடுத்தது. படத்துக்கு முன்னால் டயட் பெப்சி விளம்பரம் ஒன்று ஓடும். சாதாரணக் குடும்பங்களே காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டன.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. தியேட்டர் வசூல் மாதிரி டிஸ்க்குக்கும் டிஜிட்டலுக்கும் தினசரிக் கணக்கு வெளியே வராது. யாராவது டிஜிட்டலில் இத்தனை கோடி என்று அடித்துச் சொன்னால், அது யார் கொடுத்த எண் என்று முதலில் கேளுங்கள். ஸ்டுடியோ தன் வாயால் சொன்னதா, வெளியாளின் மதிப்பீடா என்பதில் எல்லாம் இருக்கிறது.

வாங்குவது எதை? இந்தப் படத்துக்கு என் பதில் சந்தேகமில்லாமல் 4கே டிஸ்க், சாதாரண புளூரேவைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது. ஸ்ட்ரீமிங்கில் 4கே படம் பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் வரும், டிஸ்க்கில் அதைப் போலப் பல மடங்கு இடம் இருக்கிறது. ஒலியில் வித்தியாசம் இன்னும் பெரிது. டிஸ்க்கின் அட்மாஸ் ஒலி (தலைக்கு மேலிருந்தும் கேட்கும் டால்பியின் சுற்றொலி) எதையும் இழக்காத ட்ரூஹெச்டி வடிவில் இருக்கிறது, ஸ்ட்ரீமிங்கில் வருவது சுருக்கப்பட்டது. ஜெட் தலைக்கு மேல் கடக்கும் இடத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படச்சட்டத்தின் அகல உயர விகிதமும் முக்கியம். தரையில் நடக்கும் காட்சிகள் உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில், மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வரும். விமானம் கிளம்பியதும் அந்தப் பட்டைகள் விலகி 1.90ஆக, திரையை ஏறத்தாழ நிரப்பிவிடும். காக்பிட்டுக்குள் ஆறு சோனி வெனிஸ் கேமராக்களைப் பொருத்தி எடுத்த காட்சிகள் அவை, அந்த உயரம் அவற்றுக்குத் தேவை. டிவி வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. புரொஜெக்டரில் அகலத் திரை போட்டிருந்தால் மட்டும் படம் மேலும் கீழும் சுவரில் வழியும். அப்படிப்பட்டவர்கள் படத்தைக் கொஞ்சம் சுருக்கி, 1.90 முழுதாக அடங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

4கே என்று அட்டையில் இருந்தாலே நல்ல பதிப்பு என்று அர்த்தமில்லை. 'டெர்மினேட்டர் 2' படத்தின் 4கே டிஸ்க்கில் பிலிமின் மணல்துகள் போன்ற இயல்பைத் துடைத்து எடுத்ததில் முகங்கள் மெழுகு பூசியதுபோல ஆகிவிட்டன. பழைய படம் என்றால் வாங்கும் முன் படச்சட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்களுக்கு: 4கே டிஸ்க்குக்கு ரீஜியன் பூட்டு, அதாவது வேறு பகுதியின் பிளேயரில் ஓடவிடாத தடை, கிடையாது. கூடவே வரும் சாதாரண புளூரேவுக்கு இருக்கலாம். இந்தியா சி, அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. சிங்கப்பூர், மலேசியாவும் ஏதான், அங்கிருந்து உறவினர் வாங்கி வந்தாலும் அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சுங்க வரியையும் சேர்த்து விலையைக் கணக்கிடுங்கள்.

டிஸ்க் கையில் வந்ததும் பிளேயரிலும் டிவியிலும் மூன்று இடத்தைப் பாருங்கள். பிளேயர் படத்தை அனுப்பும் வேகம் நொடிக்கு 24 பிரேமாக இருக்கட்டும். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வானில் நடக்கும் சண்டை சீரியல் மாதிரித் தெரியும். ஒலியைப் பிட்ஸ்ட்ரீமில் (பிளேயர் பிரிக்காமல், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு அப்படியே அனுப்பும் முறை) வைத்து, செகண்டரி ஆடியோ (மெனு ஒலி, விளக்கவுரை போன்றவற்றைக் கலப்பது) என்று இருப்பதை நிறுத்துங்கள். பலர் வீட்டில் அட்மாஸ் வராததற்குக் காரணம் இந்தக் கடைசி ஒன்றுதான். எல்லாம் சரியாக இருந்தால் ரிசீவரின் முகப்பில் டால்பி அட்மாஸ் என்று எழுத்து வரும். வராவிட்டால் ஹெச்டிஎம்ஐ கேபிளை மாற்றுவதற்கு முன் இந்த மெனுவையே இன்னொரு முறை திறந்து பாருங்கள்.