அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாடகை வீட்டை அறை அறையாகச் சோதிப்பது எப்படி?

சென்னையில் முதன்முதலாக வீடு தேடுகிறவர்கள் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு, ஹாலை ஒரு பார்வை பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர் பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய், கீசர், சுவிட்ச், வாஷ்பேசின், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே ஒழுகிக்கொண்டிருந்த குழாயும் உங்கள் செலவில்தான் வந்து நிற்கும்.

பகலில் போங்கள். டார்ச், போன் சார்ஜர், மூன்று விளக்குகள் உள்ள பிளக் டெஸ்டர் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த டெஸ்டர் எலக்ட்ரிகல் கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கும்.

1. மெயின் போர்டு

வீட்டுக்குள் நுழைந்ததும் இங்கே போய்விடுங்கள். வரிசையாக இருக்கும் ட்ரிப்பர்கள் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பவை. ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்றுவது அவற்றின் வேலை அல்ல. அதற்கு ஆர்.சி.சி.பி. என்ற தனி சாதனம் வேண்டும். அதன் மேல் ‘30 மில்லி ஆம்பியர்’ என்ற குறியும் ஒரு டெஸ்ட் பட்டனும் இருக்கும். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு பட்டனை அழுத்துங்கள். உடனே கரண்ட் போக வேண்டும். போகவில்லையென்றாலோ, அந்தச் சாதனமே இல்லையென்றாலோ, அதைச் சரிசெய்து தந்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அப்புறம் ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் டெஸ்டரைச் சொருகிப் பாருங்கள். எர்த் இல்லை என்று காட்டினால், அந்த இடத்தில் வாஷிங் மெஷினோ கிரைண்டரோ ஓட்டுவது ஆபத்து. பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டையும் இருக்கும், பின்னால் எர்த் வயர் மட்டும் இருக்காது. கருகிய தடம் உள்ள பிளக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். கீசருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. சுவரும் கூரையும்

கோடையில் பார்த்தால் எல்லா வீடும் காய்ந்துதான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில்தான் உண்மை தெரியும். அதனால் தடயங்களைத் தேடுங்கள். ஒரு மூலையில் மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் அங்கே ஓதம் இருந்திருக்கலாம். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள கூரை, இந்த மூன்று இடங்களையும் கையால் தடவிப் பாருங்கள். தரைத்தள வீடு என்றால், 2015-லும் 2023 டிசம்பரிலும் வெள்ளத் தண்ணீர் உள்ளே வந்ததா என்று உரிமையாளரைவிடப் பக்கத்து வீட்டாரிடம் கேட்பது நல்லது.

கூரையில் விரிசலோ வீக்கமோ தெரிந்தால் துடைப்பக் கட்டையால் லேசாகத் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் காரை உள்ளே விட்டுப்போயிருக்கிறது. கூரை கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் காரையைத் தள்ளிவிடும். அது ஒருநாள் பெயர்ந்து கீழே விழும். பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

கதவு நிலைகளில் மண் கோடு போல ஓடினால் கரையான்.

3. பாத்ரூமும் சமையலறையும்

ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். நேராகச் சாக்கடை ஓட்டைக்குப் போக வேண்டும். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு ஃபிளஷ் செய்து, தண்ணீர் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். குழாய் முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்புத் தண்ணீர். மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து உயிர் போகும் அளவுக்கு அது மோசமானது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே உயரத்தில் ஜன்னல் இருப்பது மட்டும் போதாது; கீழே கதவிடுக்கு வழியாகவோ வேறு வழியாகவோ வெளியேற இடம் வேண்டும்.

4. கதவு, ஜன்னல், பால்கனி

எல்லாத் தாழ்ப்பாளையும் ஒருமுறை போட்டு எடுங்கள். பால்கனிக் கம்பிகளுக்கு இடையில் குழந்தையின் தலை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. கம்பியை ஆட்டினால் அசையவும் கூடாது.

5. எழுதி வாங்குவது

குறைகளை அறை வாரியாக எழுதி, போட்டோ எடுத்து, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அன்றே அனுப்பிவிடுங்கள். எது எந்தத் தேதிக்குள் சரியாகும், யார் செலவு என்பதை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று அட்வான்ஸில் பிடிப்பார்களா என்பதையும் அதிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் ஈ.பி. மீட்டர் ரீடிங்கையும் ஒரு போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.