பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரயர் மாற்றுவது எப்படி? வன்னியில் ஓடுபவர்களுக்கு ஒரு செய்முறை

மார்கழி மாதம். கனகராயன்குளம் தாண்டி வருகிறேன், பொழுதுபட்டு அரை மணித்தியாலம் இருக்கும். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. றோட்டின் நடுவில் நாலைந்து மாடுகள். வேகம் அறுபதுகூட இல்லை. பிறேக்கை மிதித்தேன். காரின் பின்பக்கம் மெல்ல வழுக்கி, வண்டி ஏ9 வீதிக்குக் குறுக்காகப் போய் நின்றது. மாடுகளுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை.

அடுத்த நாள் காலை நாலு சில்லையும் குனிந்து பார்த்தேன். இறப்பரில் வெட்டியிருக்கும் தவாளிப்பெல்லாம் நல்ல ஆழம், புது ரயர் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் பெருவிரல் நகத்தால் இறப்பரை அழுத்தினால் தடமே விழவில்லை. பலகையில் அழுத்தியது போல இருந்தது. பக்கச்சுவரில் இருந்த திகதியைத் துடைத்துப் பார்த்தேன். அந்த ரயருக்குப் பதினொரு வயது.

எங்களைப் போன்றவர்களின் கார்களில் ரயர் ஓடித் தேய்ந்து முடிவதில்லை, கிடந்தே முடிகிறது. மாதத்துக்கு இரண்டு முறை வெளியில் எடுப்போம். மிச்ச நாளெல்லாம் வேம்பின் கீழே, இல்லையென்றால் தகரக் கொட்டகைக்குள் நிற்கும். கோடை வெயிலும் கச்சான் காற்றின் சூடும் இறப்பரை இறுக்கிவிடும். ஆகவே முதன்முறை ரயர் வாங்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் செய்கிற ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன். என்னுடையது 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5. ஜப்பானில் அதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். கணக்குகள் எல்லாம் அந்தக் காருக்கானவை. உங்களுடையது வேறென்றாலும் வழி இதுதான்.

முதற்படி: வயதைப் பாருங்கள்

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த திகதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் முழுக் குறியீடு இல்லையென்றால் மறுபக்கத்தில், காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிவரும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முன் செய்த ரயர். அப்படி எங்கே இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள், டிக்கியைத் திறந்து மேலதிகச் சில்லைப் பாருங்கள். பழைய கார்களில் தொழிற்சாலையில் வைத்த அதே சில்லு இன்னும் கிடப்பதுண்டு.

ஐந்து வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை கவனமாகப் பாருங்கள்: தவாளிப்பின் அடியிலும் பக்கச்சுவரிலும் மயிர் போன்ற வெடிப்பு, புடைப்பு, இறுகிப்போன இறப்பர். பத்து வயது வந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். நான் அந்த மார்கழிக்குப் பிறகு ஏழில் கழற்றுகிறேன்.

தேய்வைப் பார்க்கத் தவாளிப்புக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். 1.6 மி.மீ. ஆழம் மிஞ்சும்போது ரயர் அந்த மேட்டோடு சமமாகிவிடும். ஆனால் மாரிக்கு அது காணாது. மூன்று மி.மீ. ஆகும்போதே மாற்றுவது நல்லது. தீக்குச்சியைத் தவாளிப்புக்குள் விட்டு, நகத்தால் அடையாளம் வைத்து, பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தால் போதும்.

இரண்டாம் படி: அளவு

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். காருக்கு உரிய அளவு அதில்தான். இப்போது பூட்டியிருக்கும் ரயரைப் பார்த்து எழுதாதீர்கள், முதல் சொந்தக்காரர் பிழையாகப் போட்டிருக்கலாம். எனக்கு வந்தது 185/60 ஆர்14 82 எச். 185 என்பது மி.மீ. அகலம். 60 என்பது அந்த அகலத்தில் 60 வீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 111 மி.மீ. 14 அங்குலம் றிம். முழு விட்டம் 577.6 மி.மீ. வரும்.

இந்த விட்டத்தை ஏன் மனதில் வைக்கவேண்டும்? கடையில் உங்கள் அளவு இல்லாவிட்டால், "அண்ணை, பதினாலு இஞ்சிதானே, எல்லாம் ஒண்டுதான், 65ஐ போடுவம்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். 185/65 ஆர்14இன் விட்டம் 596.1 மி.மீ., மூன்று வீதத்துக்கு மேல் பெரிது. வேகமானி நூறு காட்டும்போது முன்பிருந்ததைவிட மூன்று கிலோமீட்டர் கூட ஓடுவீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ரயர் உள்ளே உரசவும் கூடும். விட்டம் இரண்டு வீதத்துக்குள் நின்றால் நான் ஏற்றுக்கொள்வேன், அதற்கு மேல் வேண்டாம்.

15 அங்குல அலோய் றிம் போட ஆசைப்படுபவர்களுக்கு 195/50 ஆர்15 பொருந்தும். விட்டம் 576 மி.மீ., கிட்டத்தட்ட அதேதான். கடையில் தெரிவும் அதிகம். ஆனால் பக்கச்சுவர் 97.5 மி.மீ. ஆகக் குறையும். வவுனியாவில் இருந்து பரந்தன்வரை ஏ9இல் மட்டும் ஓடுபவருக்கு அது பரவாயில்லை. மாங்குளத்தில் திரும்பி உள்வீதிகளுக்கும் கிரவல் றோட்டுக்கும் இறங்குபவர் 14இல் நிற்பதே நல்லது. மழைக்குப் பிறகு தண்ணீர் மூடிய குழியில் சில்லு விழும்போது, அந்த 13.5 மி.மீ. கூடுதல் இறப்பர்தான் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்கும்.

டொயோட்டா எம்.ஆர்.2 இரண்டாம் தலைமுறை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1990களின் அந்தக் கார்களில் முன்னுக்கு 195/55 ஆர்15, பின்னுக்கு 225/50 ஆர்15 வருவதுண்டு. இயந்திரம் இருக்கையின் பின்னால் இருக்கிறது, பாரம் பின்பக்கம். நாலுக்கும் ஒரே அளவு போட்டால் மலிவாக முடியும் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அந்தக் கார் ஈரத்தில் சுழன்றால் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

மூன்றாம் படி: பாரமும் வேகமும்

அளவின் கடைசியில் வரும் 82 என்றால் ஒரு ரயர் 475 கிலோ தாங்கும். ஒரு தொன்கூட இல்லாத காருக்கு அது தாராளம். அதற்குக் குறைந்த எண் மட்டும் வேண்டாம். அடுத்து வரும் எழுத்து ரயர் தாங்கும் உச்ச வேகம்: எச் என்பது மணிக்கு 210 கி.மீ., டி (T) என்பது 190. எங்கள் வீதிகளில் எழுபதுதானே சட்டம், ஏன் எச் என்று கேட்பீர்கள். உயர்ந்த எழுத்துள்ள ரயர் கூடுதல் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டது. வளைவில் சொன்ன சொல்லும் கேட்கும். தொழிற்சாலை கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

நாலாம் படி: எந்த வகை

பக்கச்சுவரில் ட்ரெட்வெயர் என்று ஒரு எண் இருக்கும். எண் கூடினால் ரயர் தேயாமல் கனநாளுக்கு நிற்கும். பெரும்பாலும் பிடிமானம் குறையும். குடும்பக் காருக்கு 400, 500 வாங்குவது சரி. எங்களுக்கு? வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால், ஆறு வருடத்தில் வெறும் பதினெட்டாயிரம். தேய்வதற்கு முன் வயதாகிவிடும். ஆகவே 300 அளவில் உள்ள மென்மையான ரயரை வாங்கி, அதன் பிடிமானத்தை அனுபவியுங்கள். அதேநேரம் பந்தயக் காரைப் பார்த்துத் தவாளிப்புக் குறைந்த ரயர் வாங்காதீர்கள். ஐப்பசியில் தொடங்கித் தைவரை றோட்டில் தண்ணீர் நிற்கும் ஊர் இது. அகலமாகச் சுற்றி ஓடும் ஆழமான தவாளிப்பு இல்லாவிட்டால், இலேசான கார் தண்ணீரின் மேல் மிதக்கும்.

அதே இடத்தில் ட்ராக்சன், ரெம்பரேச்சர் என்று இரண்டு தரம் இருக்கும். முதலாவது ஈரத்தில் பிறேக் பிடிக்கும் தன்மை: ஏஏ, ஏ, பி, சி என்ற வரிசையில். ஏக்குக் கீழே நான் வாங்குவதில்லை. மற்றது சூடு தாங்குவது. அதுவும் ஏ ஆக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கடையில்

காசு கொடுக்க முன் நாலு ரயரின் திகதியையும் நீங்களே வாசியுங்கள். புதிது என்று ஒரு கடையில் எனக்குத் தந்த நாலில் இரண்டு, நாலு வருடம் களஞ்சியத்தில் கிடந்தவை. நல்லவேளை, பூட்ட முன்பே கண்டேன். பாவித்த ரயரும், பழைய ரயரின் மேல் புதுப் பட்டை ஒட்டியதும் இந்தக் கார்களுக்கு வேண்டாம்.

நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். காசு இரண்டுக்குத்தான் காணும் என்றால் புதியவை பின்னுக்குப் போகவேண்டும், முன்சில்லு ஓட்டும் காராக இருந்தாலும் அப்படித்தான். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்குவது எப்படியிருக்கும் என்று கனகராயன்குளத்தில் எனக்குத் தெரிந்தது. இறப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சில்லு உருளும் திசையைக் காட்டவேண்டும். பூட்டி முடிந்ததும் காரைச் சுற்றி நடந்து பாருங்கள். பிறகு சில்லின் எடையைச் சமன்செய்யும் பலன்ஸும், சில்லுகளை நேராக்கும் அலைன்மென்ட்டும்.

ஆறாம் படி: காற்று

ஒட்டுக்கடையில் எந்தக் காருக்கும் 32 அல்லது 35 அடித்துவிடுவார்கள். என்னுடைய காருக்கு உரியது 26 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). 35 அடித்தால் ரயரின் நடு மட்டும் றோட்டில் தொட்டு, கார் துள்ளிக்கொண்டே ஓடும். ஜப்பானில் இருந்து வந்த காரின் ஒட்டுத்தாளில் 1.8 போல ஒரு சின்ன எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். அது சதுர சென்ரிமீற்றருக்கு கிலோ, 14.2ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. வரும். காலையில், கார் ஓட முன் அளவுங்கள். மத்தியான வெயிலில் ஓடி வந்த ரயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும், அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

புது ரயரின் மேற்பரப்பில் வார்ப்பு அச்சில் இருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாக, சடுதியாகப் பிறேக் பிடிக்காமல் ஓடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் தாண்டியதும் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும். வவுனியாவில் பூட்டிக்கொண்டு வடக்கே வருபவர்களுக்கு அது சுகம். முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு, டிக்கியில் இருக்கும் நட்டுச் சாவியை எடுத்து நாலு சில்லையும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.